ஒத்திகைத் தொட்டி

அடிபம்பு மூன்றாவது இழுப்பில் இருமியது, ஏழாவது இழுப்பில் கக்கியது. குடத்தில் விழுந்ததைத் தண்ணீர் என்று சொல்ல அரசாங்கத்துக்கு மட்டும்தான் மனம் வரும். சாக்கடைக்கும் டீக்கடை டிகாஷனுக்கும் நடுவில் ஒரு நிறம். மேலே சோப்பு நுரை மாதிரி ஒரு வளையம். அழுகிய முட்டையும் மீன் கழுவிய வாளியும் சேர்ந்தால் வருகிற வாடை. கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஏதோ நெளிந்தது. புழுவா நூலா என்று குனியப் போனவள், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று குடத்தோடு சாக்கடையில் கவிழ்த்தாள். அது வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

குழாயில் தண்ணீர் ஓடாதபோது பம்பை அடித்தால் அது பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சிக் கொடுக்கும் என்பது திருவொற்றியூரில் பம்பு வைத்திருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் அடிப்பார்கள். இந்த ஒரு தடவை நல்லதாக வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. கன்னியம்மாவும் நேற்றிலிருந்து நாலு தடவை அடித்துவிட்டாள்.

பெரிய குழாயோடு புதுக் குழாயை இணைக்கிற வேலை, வியாழன் விடிந்ததிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் வராது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இன்று வெள்ளி. உள்ளே கட்டிலில் மகள் கார்குழலி வயிற்றில் தையலோடு படுத்திருந்தாள். பக்கத்தில் பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தாள்: தையலில் அழுக்குப் படக்கூடாது, கொதித்து ஆறிய தண்ணீரில்தான் துடைக்க வேண்டும், துணிகளைச் சுத்தமாக அலசிக் காயப்போட வேண்டும், சீழ் வைத்தால் மறுபடி வயிற்றைத் திறக்கிற மாதிரி ஆகிவிடும். நேற்று முதல் கார்குழலிக்கு லேசாக உடம்பு சுட்டது. குழந்தையின் பீத்துணிகள் ஒரு வாளி நிறைய மூலையில் காய்ந்துகொண்டிருந்தன. அறை முழுக்கப் புளித்த பாலும் மூத்திரமும் கலந்த வாடை. வாளியில் உட்கார்ந்த ஈ, எழுந்து குழந்தையின் உதட்டில் உட்கார்ந்தது. வீட்டில் மிச்சம் ஒரே ஒரு குடம், அதுவும் குடிக்க.

இத்தனைக்கும் கன்னியம்மாதான் அந்தத் தெருவின் நீர்த் தூதர்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்தப் பதவி வந்தது. அவசரகாலக் குடிநீர் வழங்கல் தடை முன்தயாரிப்பு மற்றும் மீள்திறன் மேம்பாட்டுத் திட்டம். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். ராயபுரத்தில் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு தெருக்களிலிருந்து மகளிர் குழுத் தலைவிகளை வேனில் அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். மேடையில் டெரிக் சார் மைக்கைப் பிடித்தார். குடிநீர் வாரிய அலுவலகத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற ஆலோசனைக் கம்பெனிக்காரர். தான் இந்த ராயபுரத்து மண்ணில் பிறந்தவன், இந்த மக்களின் வலி தனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். இப்போது இருப்பது கடற்கரைச் சாலையில், காவலாளி வைத்த குடியிருப்பில். அங்கிருந்து பார்த்தால் வலி இன்னும் தெளிவாகத் தெரியும் போலிருக்கிறது. மேசைக்கு மேசை குட்டிக் குட்டித் தண்ணீர் பாட்டில்கள். மேடையில் இருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு மூடி வைத்தார்கள். பிறகு எது யாருடையது என்று தெரியாமல் புதுசு திறந்தார்கள்.

ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பரும் கலர் ஸ்கெட்ச்சும் கொடுத்து, மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள், சிறகை விரித்துக் கற்பனை செய்யுங்கள் என்றார் டெரிக். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கன்னியம்மா எழுந்தாள்.

“அரிசி களுவுன தண்ணில ஏனம் களுவுவோம் சார். ஏனம் களுவுன தண்ணிய கக்கூசுக்கு ஊத்துவோம். ஆம்பளைங்கோ கடல்ல முளுகிட்டு வந்துருவாங்கோ. பொம்பளைங்கோ குளிச்சா மேரி பவுடர் பூசிக்குவோம். இதுல கற்பனை இன்னா சார் கீது?”

டெரிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருக்கலாம், ஏசிக் குளிரில் சரியாகத் தெரியவில்லை. போர்டில் ‘மூன்றடுக்கு மறுபயன்பாடு: சமூகத்தின் உள்ளார்ந்த ஞானம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பவுடரை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கே அவள் கழுத்தில் நீல நாடா கட்டிய அட்டை விழுந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடுமேன்களுக்கு இட்லி விற்கிறவளை எல்லாரும் ‘ஆயா’ என்றும் ‘இன்னாமே’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் ஒருவர் மைக்கில் ‘திருமதி’ போட்டுக் கூப்பிட்டதற்கு உடம்பு சிலிர்த்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

தூதருக்கு வேலையும் கொடுத்தார்கள். தடை வரும் நாளில் ஒவ்வொரு தெருவுக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி வரும், லாரி வந்து வேளைக்கு வேளை நிரப்பும். எனவே மக்கள் பயந்துபோய் அண்டா குண்டாவில் பிடித்துப் பதுக்கக் கூடாது, பதுக்கினால் மற்ற தெருவுக்கு வராது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். கன்னியம்மா அட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். நாற்பத்து மூன்று வீடு. அவள் முகத்துக்காக ஒப்புக்கொண்டவர்கள் நிறைய. எதிர்வீட்டுத் தேவப்பிரியம் மட்டும் வாசலிலேயே மடக்கினாள். ஜெபக்கூட்டத்திலும் குழாயடியிலும் ஒரே சத்தத்தில் பேசுகிறவள் அவள்.

“யக்கா, கய்த்துல அட்டை மாட்டிக்கினா தண்ணி வந்துருமா? எங்க வூட்டு மாடுகூடத்தான் மணி கட்டிக்கினு கீது. பால் ஒண்ணியும் காணோம்.”

தேவப்பிரியத்துக்குப் பொறாமை என்று கன்னியம்மா நினைத்தாள். தொட்டி தன் வாசலில்தான் நிற்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி வாங்கினாள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கெஞ்சி அரை மூட்டை சிமென்ட் வாங்கி, தன் கையாலேயே மேடை பூசி, அது காய்ந்ததும் மேலே கோலம் போட்டாள்.

போன வாரத் திங்கட்கிழமை ஒத்திகை. குட்டியானை வண்டியில் கறுப்புத் தொட்டி வந்தது. பக்கவாட்டில் ஒரு நீளமான கீறல், அதை மறைத்துத் திட்டத்தின் ஸ்டிக்கர். மேடையில் இறக்கினார்கள். டெரிக் படம் எடுத்தார். இரண்டு மாதம் முன்பு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர் பாலகணேஷ் ஒரு படிவத்தை நீட்டினார். ‘தொட்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ கன்னியம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் நான்கு பேர் தொட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். இன்னா சார் என்று கேட்டதற்கு, ஒத்திகைதானே அம்மா, அன்றைக்கு வரும் என்றார் பாலகணேஷ், அவள் முகத்தைப் பார்க்காமல். சாயங்காலம் தேவப்பிரியத்தின் தங்கச்சி டோல்கேட்டிலிருந்து கன்னியம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். அதே தொட்டி, அதே ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அதே கீறல். பக்கத்தில் அந்தத் தெருவின் தூதர் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு தெரு, ஒரு தொட்டி. மிச்சம் பதினொன்றும் டெண்டரில் இருந்தன. ஆனால் அலுவலகத்துப் போனில் ஒரு செயலி உண்டு. தெருவுக்குள் நின்று எடுத்த படம்தானா என்று மட்டும் அது பார்க்கும். ஆமாம் என்றால் பச்சை டிக் போடும். ஒரே நாளில் பன்னிரண்டு பச்சை டிக். மேலிடத்தில் பாராட்டினார்களாம். கன்னியம்மாவுக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கழுத்து அட்டை என்ன ஆவது. அன்றைக்கு வந்துவிடும், வராமலா போகும் என்று வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாளில் மகளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் மற்றது மறந்துபோனது.

இப்போது மேடை காலியாகக் கிடந்தது. கோலத்தின் மேல் ஒரு சொறிநாய் சுருண்டு படுத்து, தன் வாலடியை நக்கிக்கொண்டிருந்தது.

பகல் பதினொரு மணிக்கு லாரி பதிவு செய்கிற எண்ணுக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு தேன் தடவின மாதிரி ஒரு பெண் குரல் வந்தது. தெருப் பெயரைக் கேட்டது. தட்டுகிற சத்தம்.

“உங்க தெருவுல அவசரகாலத் தொட்டி செயல்பாட்டுல இருக்குங்க மேடம். அதனால லாரி பதிவு பண்ண முடியாதுங்க.”

“தொட்டி இல்லம்மா. காலி மேடைதான் கீது. பச்சப் புள்ள வூடும்மா.”

“ஸ்கிரீன்ல இருக்குங்க மேடம். கன்னியம்மாங்கறவங்க பெற்றுக்கொண்டதா கையெழுத்தே இருக்கு. நீங்க அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.”

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று குரல் கேட்டது. வேண்டாம் என்றாள். தான்தான் கன்னியம்மா என்று மட்டும் சொல்லவில்லை.

தெருவில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அது வசவைவிடக் கேவலமாக இருந்தது. நாலாவது வீட்டுக்காரி கேட்கிற மாதிரியே சொன்னாள், இருந்த ரெண்டு டிரம்மையும் கவுத்து வெச்சேன், யார் பேச்சக் கேட்டு. மத்தியானத்துக்குமேல் தெரு முழுக்க நாறத் தொடங்கியது. கழுவாத கக்கூசுகளின் நாற்றம் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக நின்று, பிறகு சாக்கடையோரமாக ஒன்றுசேர்ந்தது. எண்ணெய்க் கம்பெனிப் பக்கமிருந்து வழக்கமாக வருகிற காஸ் வாடையே அன்றைக்கு வாசனை மாதிரி இருந்தது. சாயங்காலம் தேவப்பிரியம் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் நங்கென்று வைத்தாள்.

“உன் பேச்ச கேக்கல பாரு, அதான் என்கிட்ட கீது. புள்ள பெத்தவளுக்கோசரம் குடுக்கறேன். உனுக்கு ஒரு சொட்டு இல்ல.”

கன்னியம்மா தலை நிமிராமல் வாளியை உள்ளே எடுத்துப் போனாள். பாதியில் தையலைத் துடைத்தாள், பாதியில் துணிகளை அலசினாள். இரண்டுக்குமே போதவில்லை. சனிக்கிழமை காலையில் தையலின் ஒரு ஓரம் சிவந்து பளபளவென்று ஈரமாக இருந்தது. கார்குழலி மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

“யம்மா, என் மேலயே எனுக்கு நாறுது. கொயந்தய பக்கத்துல போடாத.”

அதைக் கேட்டபோதுதான் வாசலில் வண்டிச் சத்தம். தெரு முழுக்கக் குடங்கள் உருளுகிற சத்தம். கன்னியம்மா ஓடினாள். குட்டியானையில் தொட்டி. ஸ்டிக்கர் புதிது, கீறல் பழையது. நான்கு பேர் அதை இறக்கினார்கள். மூச்சு வாங்காமல் அவர்கள் இறக்கிய விதத்திலேயே உள்ளே எவ்வளவு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. கால்வாசி, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல்.

பாலகணேஷ் போனோடு இறங்கினார். டெரிக் காமிராவோடு இறங்கினார். இடையூறு காலப் பதிவு என்று விளக்கினார் டெரிக். முன்பு எடுத்தது ‘தயார்நிலை’, இப்போது எடுப்பது ‘செயல்பாடு’. இரண்டும் இருந்தால்தான் திட்டம் முழுமையடையும், அடுத்த வருஷம் மற்ற ஊர்களுக்கும் போகும். தெருவின் குடங்கள் நிறம் மங்கி, நசுங்கி இருந்தன. அவை படத்தில் சோகமாகத் தெரியுமாம். வண்டியிலிருந்து ஆறு புது நீலக் குடங்களை இறக்கினார், விலைச்சீட்டு கிழிக்காமல். பெண்களை வரிசையில் நிறுத்தினார். ரொம்பச் சிரிக்க வேண்டாம், நம்பிக்கையோடு பார்த்தால் போதும் என்றார். நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்காமல் இருக்க அவரே கொஞ்சம் சிரமப்பட்டார். கைக்குட்டையில் ஏதோ செண்ட்.

அப்போதுதான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கார்குழலியைப் பார்த்தார். நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து காய்ந்து கெட்டியாக இருந்தது. தோளில் குழந்தை. அதன் காதோரம் ஈ.

“அவங்களையும் கூப்பிடுங்க. தாயும் சேயும், பின்னாடி தொட்டி. ரிப்போர்ட்டோட முகப்பு அட்டைக்கே இதைப் போட்டுடலாம்.”

கன்னியம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ புளித்து மேலேறி வந்தது. நேற்றுக் காலை பம்புத் தண்ணீரைப் பார்த்தபோது வந்த அதே குமட்டல். இந்த முறை எதிரே நின்றது சலவைச் சட்டை போட்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். விழுங்கிக்கொண்டாள்.

“அவ வர மாட்டா சார். நான் நிக்கறேன். எட்த்துக்கோ.”

தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாயைத் திருகினாள். தண்ணீர் விழுந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது, லேசாக மருந்து வாசனையோடு. சுத்தமான தண்ணீர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. குடம் நிறைந்தது. காமிரா சொடுக்கியது. பாலகணேஷின் போனில் பச்சை டிக் விழுந்தது. லோடு ஆள் ஒருவன் தொட்டியின்மேல் ஏணியைச் சாய்த்து ஏறி, மூடியைத் திறந்துவிட்டுக் கீழே கையை நீட்டினான்.

“போதும்மா. குழாய அடைச்சிட்டு குடத்த அவர்ட்ட குடுங்க,” என்றார் பாலகணேஷ். “திரும்ப உள்ள ஊத்திரணும். இன்னும் பதினோரு தெரு இருக்கு.”

“திரும்பவா?”

“இது போட்டோவுக்கான தண்ணிம்மா.” குரல் தாழ்ந்துபோயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் அவருக்கும் ஒரு குழந்தை இருந்தது, அவருக்கும் மேலே ஒரு அதிகாரி இருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் முகத்தில் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கன்னியம்மா நிறைந்த குடத்தைக் காலால் மெல்ல வாசற்பக்கம் தள்ளினாள். அடுத்த நீலக் குடத்தை இழுத்துக் குழாயடியில் வைத்தாள்.

“கண்ண மூடிட்டேன் சார். நல்லா வந்துருக்காது. இன்னொண்ணு எடு.”

டெரிக்குக்கு அது நியாயமாகப் பட்டது. எடுத்தார். அந்தக் குடமும் வாசற்பக்கம் போனது. மூன்றாவதற்கு முந்தானை சரியாக இல்லை என்றாள். முந்தானையைச் சரிசெய்ய ஒரு குடம் நிறைகிற நேரம் ஆனது. வரிசையில் நின்ற தேவப்பிரியத்துக்கு விஷயம் புரிந்துபோயிற்று. இடுப்பில் இருந்த அலுமினிய அன்னக்கூடையோடு முன்னால் வந்தாள்.

“என்னிய எடு நைனா. அது மூஞ்சி இஞ்சி துன்ன மேரி கீது. எனுக்குத்தான் போட்டோவுக்கு சிரிக்க வரும்.”

அவள் பின்னால் நாலாவது வீட்டுக்காரி. அவள் பின்னால் தெரு. சமூகத்தின் தன்னார்வப் பங்கேற்பு என்று டெரிக் முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கால் மண்டியிட்டு, சாய்ந்து, எழுந்து, எடுத்துக்கொண்டே இருந்தார். பாலகணேஷ்தான் தொட்டியின் வயிற்றில் தட்டிப் பார்த்தார். மட்டம் எவ்வளவு இறங்கிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. குழாயை அடைக்கக் குனிந்தார். அங்கே கன்னியம்மாவின் கை இருந்தது. ஒரு பக்கம் அவர் திருக, ஒரு பக்கம் அவள் பிடிக்க, திருகு கையோடு வந்துவிட்டது. அது உடைந்ததா, அவள் உடைத்தாளா என்று பிற்பாடு தெருவில் இரண்டு கட்சி இருந்தது.

தண்ணீர் பீய்ச்சியடித்தது. “என்னம்மா இப்பிடிச் செஞ்சிட்டியளே,” என்று பாலகணேஷுக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வெளியே வந்தது. வேறு வழி தெரியாமல் குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஏணிமேல் நின்றவன் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றான்.

கன்னியம்மா இரண்டு குடத்தை இரண்டு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றி ஊற்றினாள். கட்டிலில் கார்குழலி நைட்டியைத் தூக்கித் தையல் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர் சூடேற நேரமாகும். மூன்றாவது குடத்துக்காகக் கன்னியம்மா திரும்ப வாசலுக்கு வந்தாள்.

வெளியே யாரும் கத்தவில்லை. பாலகணேஷ் முழங்காலைச் சேற்றில் ஊன்றி, தலையைத் தொட்டியில் முட்டுக்கொடுத்து, கட்டைவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். விரலின் இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறியாகக் கிளம்பி, சட்டைக் கையின் மடிப்பில் இறங்கி, முழங்கையிலிருந்து கயிறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்த முழங்கைக்குக் கீழே தேவப்பிரியம் அன்னக்கூடையைப் பிடித்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குடம், ஒரு குண்டான், ஒரு பெயின்ட் டப்பா என்று ஒவ்வொன்றாக முன்னால் நீண்டுகொண்டிருந்தன.